செல்லையாவைக் காட்டிக்கொடுத்த சாயங்காலம்

ஜெனி, ரூபன், முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அன்றைக்கு யாரும் என்மேல் தண்ணீர் பாட்டில் எறியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் நீங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு பாட்டில் கீழே விழுந்தது உண்மை. அது பிலோமினா அக்கா கையிலிருந்து தானாக நழுவி விழுந்தது. நழுவுவது வேறு, எறிவது வேறு. (உருண்டு வந்து என் காலில் பட்டதால் உங்களுக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.) மற்றபடி நீங்கள் சொல்வதெல்லாம் சரி. இன்னும் யாருமே படிக்காத ஒரு துப்பறியும் நாவலில் கொலைகாரன் யார் என்பதை, அதை எழுதியவரையே மேடையில் உட்கார வைத்துக்கொண்டு, மண்டபம் நிறைய ஆட்களுக்கு முன்னால், மைக்கில் சொன்ன ஆள் உங்கள் அப்பாதான்.

நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதாவது சரியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதி வைக்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. பத்தாம் வகுப்பும், அதற்குப் பிறகு ஐ.டி.ஐ.யில் ஏ.சி. வேலையும் படித்தவன். பிழை இருந்தால் அம்மாவிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். அவளுக்கு என்னைத் திருத்துவது பிடிக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் துபாயில் வந்து இறங்கியபோது சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் இருந்தேன். லீவுக்கு ஊருக்குப் போய்வருகிறவர்கள் கருவாடு, முறுக்கு, ஊறுகாயோடு ஒரு நாவலும் கொண்டுவருவார்கள். கோமளா தேவநாதன் எழுதும் பரிபூரணம் கதைகள். அந்தப் பரிபூரணம் ஒரு இன்ஷூரன்ஸ் சர்வேயர். எங்காவது லாரி கவிழ்ந்தால், பஞ்சு மில் எரிந்தால், நஷ்டம் எவ்வளவு என்று மதிப்பிடப் போவாள். போன இடத்தில் அது விபத்து இல்லை, கொலை என்று கண்டுபிடிப்பாள். அவளுக்கு ஜீப் ஓட்டுகிறவன் செல்லையா. எல்லாக் கதையிலும் செல்லையாவுக்கு இரண்டே வேலை. ஜீப்பை நிழல் பார்த்து நிறுத்துவது, சம்பந்தமில்லாமல் எதையாவது பேசுவது. அந்தச் சம்பந்தமில்லாத பேச்சில்தான் பரிபூரணத்துக்குத் துப்பு கிடைக்கும்.

புத்தகம் ஒன்று, படிக்கக் காத்திருக்கும் நம் ஆட்கள் கேம்ப் முழுக்க, ரூமுக்கு ஒருவர் இருவராக. அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புத்தகம் வந்ததும் அதன் முதுகில் பிளேடு போட்டு மூன்று துண்டாகப் பிரித்துவிடுவோம். சீனியர்களுக்கு முதல் துண்டு. புதிதாக வந்தவனுக்கு எது மிச்சமோ அது. எனக்கு எப்போதும் கடைசித் துண்டுதான் வந்து சேரும். காலையில் சைட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், கொலைகாரன் பிடிபட்டுத் தலைகுனிந்து நிற்பதை முதலில் படிப்பேன். பிறகு விசாரணை. கடைசியாகத்தான் எனக்குக் கொலை நடக்கும்.

சிரிக்காதீர்கள். இவன்தான் கொலைகாரன் என்று தெரிந்துகொண்டு, அவன் முதல் அத்தியாயத்தில் பரிபூரணத்தை உட்காரச் சொல்லி மோர் கொடுப்பதைப் படித்துப் பாருங்கள். அந்த டம்ளரை வாங்காதே என்று பஸ்ஸிலேயே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். பிறகு ராஸ் அல் கைமாவுக்கு வேலை மாறி, அம்மா வந்து, நீங்கள் பிறந்து, சொந்தக் காசில் முழுப் புத்தகமாக வாங்கும் நிலைமை வந்த பிறகும், கை தானாகக் கடைசிப் பக்கங்களுக்குத்தான் போகும். ஆகவே, கதையின் முடிவு என்பது மறைத்துவைக்க வேண்டிய சரக்கு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இதுதான் என் பக்க நியாயம். (அம்மா இதை இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.)

இனி விழாவுக்கு வருகிறேன்.

எங்கள் வாசகர் வட்டத்தின் தலைவர் ராகவன் சார் ஒரு சிமெண்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர். நான் டியூட்டியில் இருக்கும்போது போன் செய்தார்.

"சேவியர், கோமளா மேடம் வராங்க. பன்னிரண்டாவது பரிபூரணம் நாவலை நாமதான் வெளியிடறோம். ஊர்லயே இன்னும் கடைக்கு வரலையாம்."

"சத்தியமாவா சார்?"

"நூல் அறிமுகவுரைன்னு அழைப்பிதழ்ல என் பேரைப் போட்டுட்டாங்க. நான் அந்தம்மா எழுதினது ஒண்ணுகூடப் படிச்சதில்லை. நீங்க பேசுங்களேன்."

"சார், கம்ப்ரஸர் பக்கத்துல நிக்கேன். சரியாக் கேக்கல." (நன்றாகக் கேட்டது. இன்னொரு தடவை கேட்க ஆசை.)

துபாய் ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துவரும் பொறுப்பையும் நானே வாங்கிக்கொண்டேன். கோமளா அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். சின்ன உருவம், முட்டி வலியால் கொஞ்சம் சாய்ந்த நடை. தோளில் ஒரு துணிப்பை. டிராலியில் அவர் உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள். எல்லாம் புதுப் புத்தகம்.

காரில் ஏறியதும் நான் பேச ஆரம்பித்தவன் ஷார்ஜா தாண்டியும் நிறுத்தவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தொடரா எழுதுறதுல கொலை ஒரு பெரிய விஷயமே இல்லைங்க. கொலை தினம் ஒண்ணு தோணும். ஆளுங்களை வச்சுக் காப்பாத்துறதுதான் பாடு. முதல் புத்தகத்துல பரிபூரணத்துக்கு முப்பத்தஞ்சு வயசுன்னு எழுதினேன். அப்ப எனக்கும் அதே வயசு. இப்ப எனக்கு மாடிப்படி ஏற முடியலை, அவ இன்னும் சுவர் ஏறிக் குதிக்கிறா. சில நாள் அவமேல கோவமா வரும்."

"குதிக்கட்டும் அம்மா. நல்லாத்தான் இருக்கு."

"தப்பும் நிறைய வரும். ஆறாவதுல செல்லையாவுக்கு ரெண்டு பொண்ணுன்னு எழுதிட்டேன். எட்டாவதுல ஒரு பொண்ணு, ஒரு பையன். அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன்."

"அத நாங்க கேம்ப்லயே பேசித் தீத்துட்டோம். அந்த ரெண்டாவது பொண்ணு அவன் மச்சினிச்சி மக. பள்ளிக்கூட லீவுக்கு வந்திருந்துச்சு."

கோமளா அம்மா முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "அடடே. இது எனக்குத் தோணலையே."

கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். "பதிப்பகத்துல பேசிட்டாங்க. போன ரெண்டு புத்தகமும் சரியாப் போகலை. இதுவும் தேங்கிச்சுன்னா பரிபூரணத்தை இத்தோட மூட்டை கட்டிடலாம்னு. அதான், வெளியூர்லயாவது ஆள் இருக்கான்னு பாக்க, பெட்டியை நானே தூக்கிட்டு வந்தேன்."

கேம்ப்பில் என் ரூமில் நான் ஒருவன்தான் தமிழ்; பக்கத்துக் கட்டிலில் பாகிஸ்தான் பட்டான், எதிர்க் கட்டிலில் பெங்காலி. வேலை முடிந்து வந்து படுத்தால் எனக்குப் பேசிக் கேட்கத் தமிழில் இருந்தது பரிபூரணமும் செல்லையாவும்தான். அந்த ஜீப்பை நிறுத்தப் போகிறார்கள் என்றால் நான் சும்மா இருக்க முடியுமா?

"கவலையே படாதீங்க அம்மா. நாளைக்கு என் பேச்சைக் கேட்டு எல்லாப் பெட்டியும் காலியாகும். புத்தகத்துல ஒண்ணையும் விடாம சொல்லுவேன்."

"சொல்லுங்க, சொல்லுங்க" என்று சந்தோஷமாகத் தலையாட்டி, பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்துக் கொடுத்தார். (அவரும் கொஞ்சம் விசாரித்திருக்கலாம். துப்பறியும் கதை எழுதுகிறவர்தானே.)

வழக்கம்போலக் கடைசியிலிருந்து ஆரம்பித்தேன். ஆரம்பித்த இடத்திலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கோழிப்பண்ணை முதலாளியை உள்ளே வைத்துப் பூட்டித் தீ வைத்தவன் செல்லையா. நம் செல்லையா. மறுநாள் மத்தியானம் வரை, ஃபில்டர் கழற்றும்போதும் மாட்டும்போதும் படித்து முழுவதையும் முடித்தேன். இவ்வளவு பெரிய விஷயத்தை மேடையில் சொல்லும் பாக்கியம் எனக்கா என்று நெஞ்சு விம்மியது.

பேச்சை எப்படி அமைப்பது என்பதற்கு என்னிடம் நல்ல முன்மாதிரிகள் இருந்தன. அந்த விழாவுக்கு முந்தின வருடம் ஒரு கவிதைப் புத்தகத்துக்கு அறிமுகவுரை பேசியவர், முதல் கவிதையிலிருந்து கடைசிக் கவிதை வரை ஒன்று விடாமல் வாசித்துக் காட்டினார். அதற்கு முந்தின வருடம் ஒரு பயணக் கட்டுரைப் புத்தகம். பேசியவர், எழுதியவர் ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றியது வரை சொல்லி முடித்தார். இரண்டு பேருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். அறிமுகவுரை என்றால் அப்படித்தான் என்று நம் ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அம்மாவிடம் ஒருமுறை பேசிக் காட்டியிருப்பேன். அவள் ஆஸ்பத்திரி டியூட்டி முடித்து நேராக மண்டபத்துக்கே வருவதாகச் சொல்லிவிட்டாள். இல்லாவிட்டால் நான் இதை எழுத வேண்டிய வேலையே வந்திருக்காது.

ரெஸ்டாரெண்ட் மாடியில் இருக்கும் அந்தப் பார்ட்டி ஹால் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கூட்டம் நன்றாகவே சேர்ந்திருந்தது. விழா முடிந்ததும் பிரியாணி என்று ராகவன் சார் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். முதல் வரிசையில் நீங்கள் இரண்டு பேர், பக்கத்தில் அம்மா, அவளோடு நர்ஸாக வேலை செய்யும், யூனிஃபார்மோடு வந்திருந்த பிலோமினா அக்கா.

நன்றாகத்தான் பேசினேன். நானே சொல்லக்கூடாது. கோழிப்பண்ணை, அண்ணன் தம்பி தகராறு, மண்ணெண்ணெய் வாடை, பரிபூரணம் சாம்பலைக் கிளறிப் பூட்டைக் கண்டெடுத்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "அப்படியானால் அந்தப் பூட்டைப் பூட்டியவர் யார்?" என்று கேட்டு, குரலை இறக்கி, நிறுத்தினேன்.

மேடையில் கோமளா அம்மா என்னைப் பார்த்து வேகமாகக் கையை ஆட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து ஒரு பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். ராகவன் சார் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நேரம் முடிந்துவிட்டதாம். அப்படியென்றால் முக்கியமானதை உடனே சொல்லிவிட வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

"வேறு யாரும் இல்லை, அன்பர்களே. நம் செல்லையாதான்" என்றேன்.

அப்போதுதான் பிலோமினா அக்காவின் பாட்டில் விழுந்தது.

"ஏ, செல்லையா அப்பிடிப்பட்ட ஆளு கிடையாது" என்று எழுந்து நின்றார் அக்கா. "பதினோரு புஸ்தகம் நான் படிச்சிருக்கேன். அவன் ஒரு ஈ எறும்புக்குக் கெடுதல் பண்ண மாட்டான். பழியத் தூக்கி அவன் தலையில போட்டுருக்காவ."

பின்வரிசையில் ஒருவர், "யாருங்க செல்லையா? நம்ம மெட்டீரியல் ஸ்டோர் செல்லையாவா?" என்றார். அவருக்கு நாலு பேர் சேர்ந்து விளக்க ஆரம்பித்தார்கள். நடுவில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் எழுந்து, "டிரைவர்னா உடனே குத்தவாளி ஆக்கிருவீங்களா? நானும் பதினெட்டு வருசமா டிரைவர்தான்" என்றார். "பாய், பிரியாணி எப்ப வரும்?" என்று வேறொரு குரல். ராகவன் சார் மைக்கைத் தட்டித் தட்டி அமைதி கேட்டார். மைக் மட்டும் அமைதியானது.

ஜெனி, நீ பிரியாணிக்காக வைத்திருந்த பேப்பர் தட்டால் முகத்தை மூடிக்கொண்டாய். ரூபன், நீ கை தட்டினாய். அந்த ஒரு கைதட்டலை நான் மறக்கவில்லை.

நான் இறங்கி வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னத்தச் சொல்லிட்டு வந்துருக்கீய?"

"கதையத்தான்."

"கடைசியையுமா?"

"பின்ன? பாதியில விட்டா படிக்காம வந்துட்டான்னு நினைக்க மாட்டாங்களா?"

"ஐயோ, மனுசா. யாருன்னு தெரிஞ்ச பொறவு எவன் காசு குடுத்து வாங்குவான்? அந்தம்மா அவ்வளவு பெட்டியத் தூக்கிட்டு வந்திருக்கே."

அந்த நிமிடம்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. மேடை ஓரத்தில், பிரிக்கப்படாத பெட்டிகள். அவற்றைப் பார்க்கப் பார்க்கக் காது இரண்டும் கொதித்தன. பரிபூரணத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, அவளுடைய ஜீப் சாவியை நானே பிடுங்கிக் கடலில் போட்டுவிட்டேன். ஓடிப்போய் லிஃப்டுக்குள் நின்றுகொள்ளலாமா என்று யோசித்தேன். லிஃப்ட் அன்றைக்கு வேலை செய்யவில்லை.

கோமளா அம்மா மெதுவாக எழுந்து மைக் பக்கம் வந்தார். கூட்டம் அடங்கியது.

"அவர் சொன்னது சரிதான். செல்லையாதான்."

"சே" என்று யாரோ சொன்னார்கள்.

"இதை மறைக்கிறதுக்கு எனக்கு முந்நூறு பக்கம் ஆச்சு. அவர் பத்தே நிமிஷத்துல முடிச்சிட்டார்." சிரிப்பு வந்தது. நான் சிரிக்கவில்லை. "ஆனா செல்லையா எதுக்காக அப்படிச் செஞ்சான்னு அவர் சொல்லலை."

நியாயமான குறை. உண்மையிலேயே அவசரத்தில் அதை விட்டுவிட்டேன். செய்த தப்பில் ஒன்றையாவது சரிசெய்யலாம் என்று உடனே கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அம்மா பின்னாலிருந்து என் பெல்ட்டைப் பிடித்து இழுத்த இழுப்பில் நாற்காலியோடு ஒரு அடி பின்னால் போனேன்.

"உக்காருங்க. இனி வாயத் தொறந்தீய, திரும்பவும் சோனாப்பூர்லயே கொண்டு விட்டுருவேன்."

கோமளா அம்மா எங்கள் வரிசையைப் பார்த்து ஒரு நொடி நிறுத்தினார். பிறகு சொன்னார்: "பதினோரு புத்தகம் எழுதின பிறகு, இந்த ஆளுங்க யாருக்காவது வேணுமான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நிறுத்தப் போறோம்னா ஒரேயடியா நிறுத்தணும்னு வீம்பு. அதுக்குத்தான் செல்லையா மேல கை வச்சேன். இங்க வந்தா, ஒரு நர்சம்மா அவனுக்காக எழுந்து என்னோட சண்டைக்கு வராங்க. துப்பறியும் கதையில கொலைகாரனைக் கண்டுபிடிச்சா கதை முடிஞ்சுது. நமக்குத் தெரிஞ்ச ஒருத்தன் ஏன் இப்படிப் பண்ணான்னு கேக்க ஆரம்பிச்சா எங்க முடிக்கிறது? எனக்குத் தெரியலை. நீங்க படிச்சிட்டுச் சொல்லுங்க."

பிரியாணி வண்டி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. யாரும் கிளம்பவும் முடியாது, செய்ய வேறு வேலையும் இல்லை. பிலோமினா அக்காதான் முதலில் எழுந்து போனார். "எதுக்குன்னு பாத்துட்டு, பொறவு அந்தம்மாகிட்டப் பேசிக்கிடுதேன்" என்று ஒரு பிரதி எடுத்தார். பின்னாலேயே கட்டம் போட்ட சட்டைக்காரர். ஸ்டோர் செல்லையாவா என்று கேட்டவர், ஸ்டோர் செல்லையாவுக்கும் சேர்த்து இரண்டு வாங்கினார். எல்லாப் பெட்டியும் காலியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. அதை நான்தான் தூக்கிக்கொண்டு வந்து டிக்கியில் வைத்தேன். ராகவன் சார் கோமளா அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். எனக்கு என்று வாங்கியிருந்ததை அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரருக்குப் போர்த்திவிட்டார்.

மறுநாள் ஏர்போர்ட் போகும்போது நான் வாயைத் திறக்கவில்லை. உம்முல் குவைன் தாண்டியதும் அவர்தான் பேசினார்.

"சேவியர், ஒரு டிரைவரை ஜெயில்ல இருந்து எப்படி வெளியே கொண்டுவரலாம்?"

"எந்த ஊர் ஜெயில் அம்மா?" என்று கேட்டேன். அதிலிருந்து டெர்மினல் வரும்வரை எனக்குத் தெரிந்த வழி எல்லாம் சொன்னேன். ஒன்றைக்கூட அவர் ஏற்கவில்லை. பெட்டியை இறக்கி டிராலியில் வைத்தபோது, "அடுத்தது எழுத விட்டாங்கன்னா உங்களுக்கு ஒண்ணு அனுப்புறேன். மைக் இல்லாத இடமாப் பார்த்துப் படிங்க" என்றார்.

அதன் பிறகு நம் வீட்டில் என் நிலைமை உங்களுக்குத் தெரியும். நான் ஹாலுக்குள் வந்தால் படத்தை நிறுத்திவிடுகிறீர்கள். ரூபன் கிரிக்கெட் ஹைலைட்ஸ் பார்க்கும்போது, "அப்பா, நோ டாக்கிங், கலாஸ்" என்று அரபியில் 'முடிந்தது' சொல்லி என் வாயை அடைக்கிறான். ஆஸ்பத்திரியில் யாராவது மாசமாக இருக்கிறாள் என்று பேச்சு வந்தால் பிலோமினா அக்கா, "ஸ்கேன் எதுக்கு? சேவியர் அண்ணன்ட்ட கேளுங்க, ஆணா பொண்ணான்னு மேடையில ஏறிச் சொல்லிருவாரு" என்கிறார். அம்மா சிரிக்காமல் இருக்க முயற்சி செய்வாள். முடியாது.

பதிப்பகம் எழுத விட்டது. பதின்மூன்றாவது புத்தகம் போன மாதம், லீவு முடிந்து வந்த ஒருவர் கையில் வந்து சேர்ந்தது. ஜெனி, அதை நீ முதலில் எடுத்துக்கொண்டாய். தமிழில் நீயாக ஆசைப்பட்டு எடுத்த முதல் புத்தகம். வரிக்குக் கீழே விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, ஒரு நாளைக்கு ஒன்றரைப் பக்கம். "அப்பா, நீ படிக்காதே. படிச்சா சொல்லிடுவே" என்று தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாய்.

நேற்று எனக்கு ஆஃப். அம்மா டியூட்டியில், நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில். புத்தகத்தை எடுத்துவிட்டேன். முதல் பக்கத்திலிருந்து படித்தேன். செல்லையா கேஸ் கோர்ட்டுக்கு வந்துவிட்டது. பரிபூரணம் அவனுக்காகக் கூண்டேறிச் சாட்சி சொல்லிவிட்டாள். நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். இன்னும் ஒரே ஒரு அத்தியாயம். என் கட்டைவிரல் அந்தப் பக்கத்தின் நுனிக்குப் போய்விட்டது.

எழுந்து பால்கனிக்குப் போய் டூல்ஸ் பையைத் திறந்தேன். ஏ.சி. காற்றுக் குழாயான டக்ட்டின் இணைப்பில் காற்று கசியாமல் ஒட்டுகிற அலுமினிய டேப் இருந்தது. கடைசி அத்தியாயத்தின் தாள்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, எழுத்தில் படாமல், நீ அங்கே வந்து சேரும்போது பிளேடு போட்டுப் பிரிக்கத் தோதாக, ஓரமாக மூன்று பக்கமும் ஒட்டினேன். குமிழ் இல்லாமல் நகத்தால் அழுத்தித் தேய்த்தேன். பிறகு, நீ அடையாளத்துக்கு வைத்திருந்த சாக்லேட் தாள் எந்தப் பக்கத்தில் இருந்ததோ அதே பக்கத்தில் திரும்ப வைத்து, புத்தகத்தை உன் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.